சேர்விலக்கம் 1146

மூடி ஒன்பது வருடம்.
கடைசித் தவணையில் ஏழு பிள்ளைகள்,
மூன்று ஆசிரியர்கள், ஒரு மணி.
மணியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
கொக்கி இருக்கிறது.

குருமண்வெளித் துறையில் பாதையேறி
மண்டூர்க் கரையில் இறங்கி
லான்ட்மாஸ்டர் பெட்டியில் குலுங்கி வந்தது
கிருபாலினியின் கல்.
"கோயிலுக்கா?" என்று கேட்டார் பாதைக்காரர்.
"பள்ளிக்கூடத்துக்கு."
அவர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
கல்லுக்கும் ஒரு ஆள் காசு எடுத்தார்.

ஒற்றை மண்டபம், அரைச்சுவர், தடுப்பில்லை.
வெண்கட்டியால் கோடு கிழித்துப் பிரித்தோம்.
ஆண்டு ஒன்றும் இரண்டும் எனக்கு.
மூன்று, ஜெஸீமாவின் அச்சுச் சட்டங்களுக்கு.
மிச்சமெல்லாம் கல்லுக்கும் கல்தூளுக்கும்.
அதிபர் அறையில் தேத்தண்ணி.
உளி விழும்போதெல்லாம் என் கோடு துள்ளியது.
இரண்டாம் நாள் ஜெஸீமா எழுந்து நின்று
"சத்தம் போடுறவங்கட பேர எழுதப்போறன்" என்றாள்.
எழுதினாள்.
கரும்பலகையில் இன்னும் இருக்கிறது:
கிருபாலினி, கிருபாலினி, டெரன்ஸ் அங்கிள்.

டெரன்ஸ் றாகல், டச்பார்த் தச்சர்,
முழங்கால் உயர மேசைகளை
ஒன்றன்மேல் ஒன்று பூட்டி
எனக்கொரு படந்தாங்கி செய்து தந்தார்.
மேசைக் காலில் எவனோ கொம்பாஸால் கீறியிருந்த
விமானத்தை மட்டும்
இழைக்காமல் விட்டார்.

இனி நான் செய்தது.

அலுமாரியின் அடித்தட்டில்
கறையான் தின்றது போக மிஞ்சிய இடாப்பு ஒன்று.
சேர்விலக்கம், பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி.
வரிசை வரிசையாய் ஊற்றுப்பேனாக் கையெழுத்து.
கிழித்தேன்.
ஆறடித் துணியில் பசையிட்டு ஒட்டி
மேலே வாவியின் நீலத்தை ஊற்றினேன்.
அழகாய்த்தான் இருந்தது,
அதை மறைக்க மாட்டேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம்
குடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.
ஆஸ்பத்திரியில் சிற்றூழியர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.
படித்ததற்கு அத்தாட்சி வேணுமாம்.
விடுகைப் பத்திரம் இடம்பெயர்ந்தபோது போய்விட்டதாம்,
பெட்டியோடு, பெட்டி வைத்த வீட்டோடு.
வலயக் கந்தோரில் இஞ்ச கேளென்றார்களாம்.
சொல்லிக்கொண்டே படத்தின் முன்னால் நின்றாள்.
நீண்ட நேரம் நின்றாள்.
மேலிருந்து கீழாக, ஒரு வரி விடாமல்.
படம் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.
பெயர் தேடினாள்.

"இந்தா, நான்."

நீலத்துக்கு அடியில்
சாமித்தம்பி இதயராணி.
நகத்தால் சுரண்டினாள். நானும் சுரண்டினேன்.
1146 வந்தது. தகப்பன் வந்தார்.
பிறந்த திகதியில் வாவி இறங்க மறுத்தது.
"காணும்" என்றாள்,
"இதில ஒரு சீல் குத்தித் தாங்க.
ஆரு இஞ்ச இப்ப அதிபர்?"

உளி நின்றது.
ஜெஸீமா என்னைப் பார்த்தாள்,
நான் டெரன்ஸ் அங்கிளைப் பார்த்தேன்,
அவர் கையிலிருந்த வாளைப் பார்த்தார்.

கத்தியால் அந்தச் சதுரத்தை வெட்டிக் கொடுத்தேன்.
பிளாஸ்ரிக் பைலுக்குள் வைத்து
நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
நாலு மணிப் பாதைக்கு ஓடினாள்.
வேலை கிடைத்ததோ தெரியாது.

பங்குனியில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார்.
"இந்த ஓட்டைதான் படத்தின் உயிர்" என்றார்,
விலை சொன்னார்.
அந்த விலைக்குக் கூரை ஓடு முழுக்க மாற்றலாம்.
இரவு முழுவதும் அரிக்கன் லாம்பை அருகில் பிடித்து
வாசிக்கக்கூடிய பெயர்களையெல்லாம்
ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
மற்றவர்கள் மேல் நான் நன்றாகவே தீட்டியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை இன்னொருவர்.
இலக்கம் தெரியாது,
தகப்பன் வெள்ளைக்குட்டி,
எண்பத்தாறோ ஏழோ.

"சட்டம் அடிக்கட்டா மகள், பொறுக்கட்டா?"
டெரன்ஸ் அங்கிள் அளவு நாடாவோடு நிற்கிறார்.

பொறுங்க அங்கிள்.